கற்படுக்கையும் மின்தடமும்: சமணக் குன்றுகளின் சூழலைக் காத்தல்

சென்னை அசோக் நகரின் அடையாளமாக விளங்குவது நான்கு சிங்கங்களைத் தாங்கி நிற்கும் தூண். அதனைக் கடந்து செல்வோர் பலருக்கும் அஃது ஒரு பேருந்து நிறுத்தத்தின் பெயர். ஆயினும், அத்தூண் நினைவூட்டும் பேரரசருக்கும் தமிழ்ச் சமண வரலாற்றுக்கும் நேரான ஒரு தொடர்பு உண்டு. அசோகர் தமது இரண்டாம் பாறைக் கட்டளையில், தம் ஆட்சி எல்லைக்கு அப்பாற்பட்ட தென்னாட்டு அரசுகளாகச் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரைக் குறிப்பிட்டுள்ளார். இவர்களுள் சத்தியபுத்திரர் யாவர் என்பது நெடுங்காலம் அறிஞர்களிடையே விவாதத்திற்குரியதாகவே இருந்தது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாட்டைச் சுட்டினர்.

அவ்விவாதத்தை முடித்து வைத்தது அரண்மனையோ பேராலயமோ அன்று. திருக்கோவிலூரை அடுத்த ஜம்பை என்னும் சிற்றூரின் குன்றில், இயற்கையான குகைத்தளம் ஒன்றில் வெட்டப்பட்டிருந்த ஒரே ஒரு வரி அது. 1981இல் கண்டறியப்பட்ட அத்தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, சத்தியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சி வழங்கிய பாழி இது என்று அறிவிக்கிறது. பாழி என்பது துறவியர் உறைவிடம். சங்கப் புலவர்கள் பாடிய தகடூர் வேந்தனும் அசோகர் குறித்த அரச மரபும் ஒன்றே என்பது துறவியர் தங்கிய ஒரு பாறையின் வாயிலாகத் தெளிவாயிற்று. அக்குன்று கல்லுடைப்போர் கைப்பட்டிருக்குமாயின், அந்த வரி படிக்கப்படாமலே சரளைக் கல்லாகிச் சாலையில் புதைந்திருக்கும்.

தமிழ்நாட்டின் சமணக் குன்றுகள் எத்தகைய செல்வம் என்பதற்கு இஃது ஒரு சான்று. அச்செல்வத்தைக் காப்பது எவ்வாறு என்ற வினா, கல்லுடைப்பு, சுரங்கம், உயர் அழுத்த மின்தடம் என்னும் மூன்று வடிவங்களில் நம் தலைமுறையின் முன் வந்து நிற்கிறது.

குன்று தனித்து நின்றதில்லை

சமண முனிவர் உறைந்த குகைத்தளம் ஊரை விட்டு விலகியது. ஆயினும் ஊரோடு தொடர்பற்றதன்று. உணவேற்கச் சென்று மீளும் தொலைவில் ஊர், பருகுவதற்குச் சுனை, நடந்து செல்ல வணிகப் பெருவழி ஆகிய மூன்றும் அமைந்த இடத்திலேயே கற்படுக்கைகள் வெட்டப்பட்டன. இதனைக் கல்வெட்டுகளே உணர்த்துகின்றன.

மதுரைக்கு வடகிழக்கே உள்ள மாங்குளம் குன்றின் கல்வெட்டுகளை 1882இல் இராபர்ட் சீவெல் கண்டறிந்தார். அவை தமிழ்மொழியில் அமைந்தவை என்பதை 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துரைத்தார். பின்னர் ஐராவதம் மகாதேவன் அவற்றில் நெடுஞ்செழியன் என்னும் பாண்டிய வேந்தனின் பெயரைப் படித்தறிந்தார். கணி நந்தாசிரியர் என்னும் முனிவருக்கு அவ்வேந்தனின் பணியாளன் கடலன் வழுதி உறைவிடம் அமைத்துக் கொடுத்தான். அதே குன்றில் வெள்ளறை என்னும் ஊரின் வணிகர் குழுவும் கொடை அளித்துள்ளது. அவ்வூரை அருகிலுள்ள இன்றைய வெள்ளரிப்பட்டியாக ஆய்வாளர் கருதுவர். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஈகையாளரின் ஊர், ஏறத்தாழ அதே பெயருடன் அதே குன்றின் அருகில் இன்றும் இருக்கிறது.

அழகர்மலைக் குகையில் உப்பு வணிகர், கொழு வணிகர், பொற்கொல்லர் ஆகியோரின் பெயர்கள் உள்ளன. கரூரை அடுத்த புகளூரில், வேலாயுதம்பாளையம் ஆறுநாட்டார் மலையில், யாற்றூரைச் சேர்ந்த முதிய அமணர் செங்காயபனுக்கு உறைவிடம் அமைக்கப்பட்ட செய்தி உள்ளது. கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ எனச் சேர மரபின் மூன்று தலைமுறையை அக்கல்வெட்டு நிரல்படக் கூறுகிறது. இளங்கடுங்கோ இளவரசனான காலத்தில் இக்கொடை நிகழ்ந்தது. பதிற்றுப்பத்துக் கூறும் சேர மன்னரின் வரிசையைக் கல்வெட்டுடன் ஒப்பிட்டு உறுதி செய்ய உதவிய அரிய சான்று அது. அதே குன்றில் கருவூர்ப் பொன் வணிகன் ஒருவனும் படுக்கை அமைத்திருக்கிறான். சேரர் தலைநகராம் கருவூரும், காவிரிக்கரை வழியும், வயல்களும், குன்றும் ஒரே காட்சியாக அமைந்த நிலப்பரப்பு அது. அவற்றுள் கற்படுக்கையை மட்டும் பிரித்தெடுத்துப் பாதுகாத்தால் எஞ்சுவது எழுத்து. அவ்வெழுத்து எதற்காக அவ்விடத்தில் வெட்டப்பட்டது என்னும் பொருள் எஞ்சாது.

வடதமிழகத்திலும் இந்நிலையே காணப்படுகிறது. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் திருவுருவங்கள் ஒரே பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. அங்கேயே சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. போளூரை அடுத்த திருமலையில், இராசராசனின் தமக்கை குந்தவையின் பெயரால் விளங்கும் ஜினாலயமும் நேமிநாதர் பேருருவமும் உள்ளன. வந்தவாசியை அடுத்த பொன்னூர் மலையில் குந்தகுந்த ஆசாரியரின் திருவடிகளை வணங்குவது வழிவழி மரபு. இக்குன்றுகளைச் சூழ்ந்துள்ள சிற்றூர்களிலேயே தமிழ்ச் சமணக் குடும்பங்கள் உழவைத் தொழிலாகக் கொண்டு நூற்றாண்டுகளாக வாழ்ந்து வந்தன. அவற்றுட் பல இன்று சென்னையில் குடியேறிவிட்டன. ஆயினும் குலதெய்வ வழிபாடும், ஆண்டுத் திருவிழாவும், நிலமும் அவர்களை அவ்வூர்களுடன் பிணைத்து வைத்துள்ளன. ஆதலின், குன்றைச் சூழ்ந்த நிலத்துக்கு நேர்வது அவர்களின் குடும்ப வரலாற்றுக்கும் நேர்வதாகும்.

மின்தடம் என்னும் புதிய நிலை

கல்லுடைப்பின் கேடு கண்ணுக்குத் தெரியும். வெடி வைத்தவுடன் பாறை போய்விடும். மின்தடத்தின் விளைவு அத்தகையதன்று. கோபுரம் குன்றை உடைப்பதில்லை. குன்றின் அடியிலும் தோளிலும் கால் ஊன்றி, அதன் சூழலை மாற்றிவிடுகிறது. கோபுரத்தின் கால்களுக்கு ஆழமான அடித்தளம் தோண்டப்படுகிறது. கனரக ஊர்திகள் செல்லப் புதிய பாதை வெட்டப்படுகிறது. கம்பிகளின் கீழ் உயர்ந்து வளரும் மரங்கள் வெட்டப்பட்டுத் தடம் திறந்து வைக்கப்படுகிறது. நடுவண் அரசின் வழிகாட்டு நெறிகளின்படி 400 கிலோவோல்ட் தடத்திற்கு 46 மீட்டர் அகலமும், 800 கிலோவோல்ட் நேர்மின் தடத்திற்கு 69 மீட்டர் அகலமும் வழித்தடமாகக் கொள்ளப்படுகின்றன. அவ்வகலத்தில் வேளாண்மை செய்யலாம். கட்டடம் எழுப்ப இயலாது. தென்னை போன்ற உயர்ந்த மரங்கள் வளர்க்க இயலாது. முதுமக்கள் தாழியும், நடுகல்லும், பழைய சுனைக்கு நீர் கொணரும் சிற்றோடையும் எவ்விடத்தில் இருக்கும் என்பது தோண்டும் வரை தெரியாத நாட்டில், ஆய்வின்றித் தோண்டப்படும் ஒவ்வோர் அடித்தளமும் இழப்புக்கு இடமளிப்பதே.

இதற்கு அண்மைக் கால எடுத்துக்காட்டு, சேரர் கல்வெட்டால் புகழ்பெற்ற அதே பெயரைத் தாங்கிய பெருந்திட்டம். சத்தீசுகர் மாநிலத்து இராய்கரிலிருந்து தமிழ்நாட்டுக்கு 6,000 மெகாவாட் மின்சாரத்தைக் கொணர, ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர் நீளத்தில் 800 கிலோவோல்ட் நேர்மின் தடம் அமைக்கப்பட்டது. மின்துறை ஆவணங்களில் இஃது இராய்கர் – புகளூர் தடம் எனப்படும். அங்கிருந்து கேரளத்தின் திருச்சூர் வரை செல்லும் 320 கிலோவோல்ட் தடம் 2021 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆறுநாட்டார் மலை இத்தடத்தால் சிதைந்தது என்பதன்று இங்குச் சொல்ல வருவது. 'புகளூர்' என்றவுடன் செங்காயபனையும் சேரரையும் நினைத்த காலம் போய், மின்னழுத்த எண்ணை நினைக்கும் காலம் வந்துவிட்டது. திட்டம் வகுப்போர் பார்க்கும் வரைபடத்தில் கல்வெட்டுக் குன்றுகளுக்கு என்ன இடம் என்பதே கேள்வி.

இத்தகைய தடங்களை எதிர்த்துக் கொங்கு நாட்டு உழவர்கள் 2018 டிசம்பரில் உண்ணாநிலையும் காத்திருப்புப் போராட்டமும் மேற்கொண்டனர். வேளாண் நிலத்தின் மேல் உயர்மின் கோபுரம் வேண்டா. சாலையோரமாகப் புதைவடமாகக் கொண்டு செல்க என்பது அவர்களின் கோரிக்கை. அது இயலாத செயல் என்று ஒதுக்கிவிட முடியாதவாறு அமைந்தது திருச்சூர்த் தடம். ஏறத்தாழ 165 கிலோமீட்டர் நீளமுள்ள அத்தடத்தின் கேரளப் பகுதியில், நிலம் கிடைப்பது அரிதென்பதால், ஒரு பகுதி புதைவடமாகவே அமைக்கப்பட்டது. ஆகவே, தடத்தை எவ்வாறு அமைப்பது என்பது பொறியியல் மட்டும் முடிவு செய்யும் வினா அன்று. எதனை விட்டுக்கொடுக்கலாம், எதனை விட்டுக்கொடுக்கலாகாது என்று ஒரு சமூகம் எண்ணுகிறது என்பதையும் அது பொறுத்தது.

சட்டத்தின் காவலும் அதன் இடைவெளியும்

இத்துறையின் சட்ட வரலாறு தந்திக் கம்பியிலிருந்து தொடங்குகிறது. 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம், நிலத்தின் உரிமையைக் கையகப்படுத்தாமலே அதன்மேல் கம்பி கொண்டு செல்லவும் கம்பம் நடவும் தந்தித் துறைக்கு அதிகாரம் அளித்தது. நேரும் சேதத்திற்கு இழப்பீடு தந்தாற் போதும். எதிர்ப்பு எழுந்தால் மாவட்ட ஆட்சியர் அனுமதி வழங்கலாம். மெல்லிய தந்திக் கம்பிக்கென வகுக்கப்பட்ட அவ்வதிகாரத்தை, மின்தடம் அமைப்போருக்கும் வழங்க 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் தன் 164ஆம் பிரிவில் வழி செய்தது. தந்திக் கம்பத்திற்கும் வானளாவிய மின்கோபுரத்திற்கும் உள்ள வேறுபாடு சட்டத்தின் பார்வையில் குறுகிவிட்டது.

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, முன் இசைவு பெற வேண்டிய திட்டங்களை வரிசைப்படுத்துகிறது. அவ்வரிசையில் மின்தடம் இடம்பெறவில்லை. காட்டு நிலத்தைக் கடந்தால் வனத்துறை இசைவு வேண்டும். வயலையும் புறம்போக்கையும் பாறைக் குன்றின் அடிவாரத்தையும் கடக்கும்போது, அணைக்கும் சுரங்கத்திற்கும் நடத்தப்படுவது போன்ற பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கட்டாயமில்லை.

தொல்லியல் சட்டம் காக்கும் என்று எண்ணலாம். 1958ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டம் 2010இல் திருத்தப்பட்டபோது, நடுவண் அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி என்றும், அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி என்றும் வகுக்கப்பட்டன. ஆனால், அதே திருத்தம் 'கட்டுமானம்' என்னும் சொல்லுக்குத் தந்த விளக்கத்தில், பொதுமக்களுக்கான மின்சார வழங்கல், பகிர்மானப் பணிகளை விலக்கி வைத்தது. ஊருக்கு விளக்கு எரிய வேண்டும் என்னும் நல்ல நோக்கத்தில் அமைந்த விலக்கு அது. எனினும், எத்தகைய மின்பணி வரை அது நீளும் என்னும் ஐயத்திற்கும் அஃது இடம் வைக்கிறது. மேலும், இச்சட்டத்தின் காவல், பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அறிவிக்கப்பட்டவற்றுக்கு மட்டுமே உரியது. கற்படுக்கை உள்ள குன்றுகள் அனைத்தும் அவ்வாறு அறிவிக்கப்பட்டவை அல்ல. அறிவிக்கப்பட்டவற்றிலும், குகையின் வாயிலிலிருந்து 300 மீட்டருக்கு அப்பாலுள்ள சுனையும் பாதையும் ஊரும் சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படா.

அரிட்டாபட்டி காட்டிய வழி

சின்னத்தை மட்டுமன்றிச் சூழலையும் காக்க இயலும் என்பதை அண்மையில் மெய்ப்பித்த ஊர், மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்து அரிட்டாபட்டி. அங்குள்ள கழிஞ்சமலையில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுடன் கூடிய குகைத்தளமும், தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பமும், பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயிலும் அருகருகே உள்ளன. மாங்குளக் கல்வெட்டுகள் உள்ள மீனாட்சிபுரமும் அதனை ஒட்டியதே.

2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு, 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின்கீழ், அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலுமாக 193 எக்டேருக்குச் சற்று மேற்பட்ட பரப்பைப் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் இவ்வாறு அறிவிக்கப்பட்ட முதல் தலம் அதுவே. ஏரிகள், சுனைகள், ஏறத்தாழ 250 வகைப் பறவைகள், எறும்புத்தின்னி, தேவாங்கு ஆகியவற்றோடு தொல்லியல் சின்னங்களும் அவ்வறிவிப்புக்குக் காரணமாயின. கல்வெட்டும் வல்லூறும் ஒரே பாறையை நம்பி வாழ்வன என்பதை அரசாணை ஒன்று ஏற்றுக்கொண்ட நிகழ்ச்சி அது.

ஈராண்டுகளுக்குள் அதற்குச் சோதனை வந்தது. 2024 நவம்பரில், நாயக்கர்பட்டி டங்சுடன் கனிமத் தொகுதியின் ஏலம் முடிவுற்ற செய்தி வெளியாயிற்று. 2,015 எக்டேருக்கு மேற்பட்ட அத்தொகுதியின் எல்லைக்குள் பல்லுயிர் மரபுத் தலமும் அடங்கியிருந்தது. அவ்வட்டாரத்துக் கிராம சபைகள் எதிர்ப்புத் தீர்மானங்கள் நிறைவேற்றின. 2024 டிசம்பர் 9 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று ஊர் மக்கள் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை நோக்கிப் பெருந்திரளாக நடைப்பயணம் மேற்கொண்டனர். அதே மாதம் 23ஆம் நாள் நடுவண் அரசு அவ்வேலத்தைக் கைவிடுவதாக அறிவித்தது.

இவ்வெற்றியில் சமணச் சமூகம் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அரிட்டாபட்டி வட்டாரத்தில் இன்று அக்குன்றைக் காத்தவர்கள் பெரும்பாலும் சமணர் அல்லர். தீர்த்தங்கரர் திருவுருவின் அருகே உள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு, அம்மலையைத் திருப்பிணையன் மலை என்று குறித்து, அச்சணந்தி அத்திருவுருவைச் செய்வித்ததையும், அதன் காவல் அவ்வட்டாரத்து ஊராரைச் சார்ந்தது என்பதையும் கூறுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லில் எழுதி ஒப்படைக்கப்பட்ட அக்காவலை, சமயம் மாறிய பின்னரும், அவ்வூர்களின் வழித்தோன்றல்கள் நிறைவேற்றியுள்ளனர்.

பிற நாட்டார் செய்தது

இங்கிலாந்தின் டார்செட் பகுதியில், பழங்காலப் புதைமேடுகள் நிறைந்த குன்றுகளின் ஊடே உயர்மின் கோபுர வரிசை ஒன்று பல பத்தாண்டுகளாக நின்றது. இயற்கை எழில்மிகு பகுதிகளில் கம்பித்தடங்களை அகற்ற மின்நுகர்வோர் கட்டணத்திலிருந்து ஒரு நிதி ஒதுக்கப்பட்டது. அந்நிதியில், ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளத்திற்குப் புதைவடம் இடப்பட்டு, 22 கோபுரங்கள் 2022இல் அகற்றப்பட்டன. மின்சாரம் நின்றுவிடவில்லை, குன்றுகளின் வானம் மீண்டது. கோபுரம் நட்டபின் அகற்றுவது பெருஞ்செலவு. நடுமுன் தடத்தைச் சற்றே விலக்குவது சிறுசெலவு என்பதே அதிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம்.

எங்கும் புதைவடமே தீர்வு என்றும் கூறிவிட முடியாது. அதன் செலவு பன்மடங்கு. நீண்ட அகழி தோண்டினால், தொல்லியல் எச்சமுள்ள நிலத்தில் கோபுரத்தினும் மிகுதியான சேதம் விளையவும் கூடும். மின்சாரமே வேண்டா என்று வாதிடுதலும் பொருந்தாது. பாசனக் கிணறும், பள்ளியும், மருத்துவமனையும், நம் ஜினாலயங்களும் மின்சாரத்தை நம்பியே இயங்குகின்றன. காற்றாலை, சூரிய மின்சாரம் ஆகியவை பெருகப் பெருகத் தடங்களும் பெருகவே செய்யும். ஆதலின், தடம் வேண்டுமா என்பதினும், தடம் வரைவோர் அறிந்து வரைந்தனரா என்பதே பயனுள்ள வினா. ஓர் உயிரையும் அறியாமல் மிதித்துவிடாதவாறு நிலத்தை நோக்கி நடக்கும் ஈரியா சமிதியை முனிவர்க்கு விதித்த சமயம் இது. நோக்கி நடத்தல் என்னும் அந்நெறி, நாடு நடக்கும் வழிக்கும் பொருந்தும்.

செய்யத்தக்கவை

அரிட்டாபட்டி காக்கப்பட்டது அதைப் பற்றிய செய்திகள் முன்னரே தொகுக்கப்பட்டு, அரசாணையில் ஏறியிருந்தமையால். பதிவில்லாத குன்றுக்குப் பரிந்து பேசுவது அரிது. ஆகவே முதற்கடமை பதிவு. ஒவ்வொரு குடும்பமும் தன் முன்னோர் ஊரின் குன்று, கற்படுக்கை, சுனை, திருவடி, நிசீதிகை, பழைய பாதை ஆகியவற்றை ஊர்ப்பெயர், புல எண், ஒளிப்படம் ஆகியவற்றுடன் குறித்து வைத்தல் வேண்டும். திருவிழாவிற்கு ஊர் செல்லும் ஒரு நாளில் இப்பணி முடியும். முதியோர் நினைவிலுள்ள இடப்பெயர்களை அவர்கள் இருக்கும்போதே எழுதிக் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, விழிப்பு. பெரிய மின்தடம் ஒன்று அமையுமுன், அது கடந்து செல்லும் ஊர்களின் பெயர்களுடன் நாளிதழ்களில் அறிவிப்பு வெளியிடப்பட்டு, கருத்துரைக்கக் காலவரம்பு தரப்படுகிறது. அவ்வறிவிப்பின் சிறிய எழுத்துகளைப் படிப்போர் மிகக் குறைவு. தடம் தாளில் இருக்கும்போது எழுதும் ஒரு விண்ணப்பம், அடித்தளம் தோண்டியபின் தொடுக்கும் பல வழக்குகளினும் வலிது. கிராம சபையில் நிறைவேறும் தீர்மானமும் எடையுள்ளதே. அதற்கு ஊரில் வாழும் பிற சமயத்தாரின் நட்பு இன்றியமையாதது.

மூன்றாவது, அறிவிப்புக் கோருதல். தொன்மைச் சின்னமாகவோ பல்லுயிர் மரபுத் தலமாகவோ அறிவிக்கத் தகுதியுள்ள குன்றுகளைத் தொல்லியல் துறைக்கும் பல்லுயிர் வாரியத்திற்கும் முறைப்படி எடுத்துரைத்தல், அறக்கட்டளைகளும் சங்கங்களும் கூடிச் செய்யத்தக்க பணி.

ஜம்பைக் குன்றின் வரி எழுதப்பட்டு, ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் கழிந்த பின்னரே படிக்கப்பட்டது. அதுகாறும் அதனைக் காத்தவர்கள், அதில் எழுதியிருப்பது என்ன என்று அறியாமலே அக்குன்றை அதன் போக்கில் விட்டு வைத்த எளிய ஊர் மக்கள். இன்னும் படிக்கப்படாத வரிகள் எந்தக் குன்றில் உள்ளன என்பதை எவரும் அறியார். அவற்றைப் படிக்கப் போகும் தலைமுறைக்காகக் குன்றையும், குன்றைச் சூழ்ந்த நிலத்தையும் விட்டு வைப்பது, அறிந்தும் படித்தும் உள்ள இத்தலைமுறையின் கடன்.